இரண்டு ஒளி மோதினால்

இந்தச் சனிக்கிழமையும் ஆள் வராவிட்டால் இயற்பியல் கழகத்தை மூடிவிட்டு, அறையை ரோபோட்டிக்ஸ் கழகத்துக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று குணாளன் சார் சொன்னதும் எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

"நாலு பேர வெச்சிக்கிட்டு எத்தன நாளைக்கு ஓட்டுறது லோஷினி?" என்றார். நல்ல மனிதர்தான். மேலே இருப்பவர்கள் அவரையும் குடைகிறார்கள், பாவம்.

என் கவலை எனக்காக இல்லை. நான் கடைசி வகுப்பான படிவம் ஐந்து; தேர்வு முடிந்தால் இந்தப் பாலோ ஊரை விட்டே போய்விடுவேன். படிவம் நான்கில் இருக்கிற ரூபேந்திரன் என்ன செய்வான்? மலாய்ப் பள்ளியில் படித்து வந்தவன் அவன். ழ, ள, ல மூன்றும் அவன் நாக்குக்கு ஒன்றுதான். ஒருநாள் பேச்சுவாக்கில் வாழைப்பழத்தை 'வாலப்பலம்' என்று சொல்லித் தொலைத்தான். அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள், தடிமாட்டுப் பயல்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவனோ எங்கள் கழக அறைக்குள் மட்டும்தான் வாய் திறப்பான். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டால் போதும், தன்னை மறந்து பேசுவான். அந்த அறையும் போய்விட்டால்?

தமிழ்ப் பிள்ளைகளையாவது இழுப்போம் என்று தமிழில் சுவரொட்டி போடச் சொன்னேன். 'இரண்டு ஒளி மோதினால் என்ன ஆகும்? வந்து பாருங்கள்' என்ற வாசகத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். ரூபேந்திரன் நன்றாக வரைவான். அவனே எழுதி, அவனே பள்ளியிலும் கோயில் வாசலிலும் ஒட்டிவிட்டு வந்தான்.

சனிக்கிழமை காலை ஒரு வேன் வந்து நின்றது. உறுமி, பம்பை சகிதம் எங்கள் பள்ளிப் பையன்கள் ஒரு கூட்டமாக இறங்கிக் கழக அறைக்குள் வந்தார்கள். திருவிழாக்களில் உறுமி மேளம் அடிக்கிற செல்வாவின் குழு.

"அலமாக்! இதெல்லாம் எதுக்குடா?" என்றேன்.

"ரெண்டு ஒலி மோதினா என்னாகும்னு போட்டிருந்திச்சே அக்கா. சும்மா கேட்டா எப்படி? அடிச்சிக் காட்டலாம்னு வந்தோம்."

ஓடிப்போய்ச் சுவரொட்டியைப் பார்த்தேன். ஒலி! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "வெளிச்சத்த வரஞ்சிட்டு சத்தம்னு எழுதி வெச்சிருக்கியேடா!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். கூட்டத்தில் எவனோ, "வாலப்பலம்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ரூபேந்திரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"அண்ணே, போவாதீங்க," என்றான் செல்வா. அவன் சிரிக்கவில்லை. "அப்ப ரெண்டு வெளிச்சம் மோதினா என்னாகும்?"

ரூபேந்திரன் நின்றான். கேள்வி என்று வந்துவிட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது.

"மோதாது," என்றான். பிறகு, "நீ உறுமியோட அந்த மூலைக்குப் போ. பம்ப இந்த மூலையில இருக்கட்டும். ரெண்டு பேரும் அடிங்க."

அடித்தார்கள். அறை அதிர்ந்தது.

"எது உறுமி, எது பம்பன்னு தெரியுதா?"

"தெரியுதே!"

"ரெண்டும் ஒன்ன ஒன்னு தாண்டிப் போவுது. உடையல, திரும்பல. ஒலியும் அப்படித்தான்." அவன் சொன்னது ஒளியை. சிவப்பு, பச்சைக் காகிதம் ஒட்டிய இரண்டு டார்ச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்துக் காட்டினான். சுவரில் இரண்டு வட்டங்களும் அப்படியே இருந்தன.

"அட போங்கண்ணே. அவ்வளவுதானா?" செல்வாவுக்கு ஏமாற்றம்.

"இரு லா! வெலிச்சத்தோட சின்னத் துணுக்குக்கு போட்டான்னு பேரு. வெறும் இடத்துல ரெண்டு போட்டான் ஒன்ன ஒன்னு சட்டையே பண்ணாது. நடுவுல பயங்கரமாக் குலிர வெச்ச அணுக்கல வெச்சா கத வேற. முன்னாடி போற போட்டான் அணுக்கலத் தொந்தரவு பண்ணிட்டுப் போவும். பின்னாடி வர்ற போட்டானுக்கு அது தெரியும். ரெண்டும் ஒட்டிக்கிட்டுக்கூட வெலிய வரும்!"

"அணுக்கலாம்!" என்று பின்னாலிருந்து மறுபடியும் ஒரு இளிப்பு.

"டேய், வாய மூடு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்ல?" என்று திரும்பிச் சீறினான் செல்வா. "நீங்க சொல்லுங்கண்ணே. எப்படி ஒட்டும்?"

ரூபேந்திரன் சொன்னான். பையன்கள் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் குறுக்கே புகாமல் உட்கார்ந்து கேட்டேன். என் ஆயுசில் அது பெரிய சாதனை.

குணாளன் சார் வந்து வாசலில் நின்று பார்த்தார். "முடிஞ்சதாப்பா?"

அந்த மனிதரிடம் ஒரு மார்க்கர் பேனாகூடக் கேட்காத பையன், நிமிர்ந்து நின்றான்.

"முடியல சார். அடுத்த வாரமும் எனக்கு இந்த அறை வேணும்."

சார் தரையில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.