குடும்பத்தில் யாராவது?

"அந்தக் கேள்விக்கு என்னன்னு எழுதின?"

ரோலண்ட் பூஷார் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மேசையில் மகள் கோலெட்டின் போன் கிடந்தது. மலைமேல் கல்லூரியின் பதில் அதில் திறந்தே இருந்தது. இடம் இல்லையாம். வருந்துகிறோம் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். நிஜமாக வருந்துகிறவன் மூன்று தடவை சொல்ல மாட்டான்.

"நீ சொன்னதைத்தான் எழுதினேன் பா."

மனுவில் ஒரு கேள்வி: உங்கள் குடும்பத்தில் யாராவது இந்தக் கல்லூரியில் இருந்திருக்கிறார்களா? அங்கே படித்தவன் பிள்ளைக்கு முதலிடம் கொடுப்பது நூறு வருஷத்துப் பழக்கம். அதற்கென்றே வைத்த கேள்வி. ரோலண்டுக்கு அது தெரியாது. "எழுதுடி, நல்லா எழுது" என்றார். கோலெட் எழுதினாள்: தாத்தா, முப்பத்து மூன்று வருஷம், கொதிகலன் அறை. அப்பா, இருபத்திரண்டு வருஷம், விடுதித் துப்புரவு.

மனுவைப் படித்த அதிகாரி சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த மனுவை எடுத்தாள்.

"என் வாயாலதான் கெட்டுச்சா?"

"இல்ல பா. விட்டேக்கர் பையனுக்குக் கிடைச்சிருக்கு. என்னைவிட மார்க் கம்மி. அவன் அப்பா, தாத்தா எல்லாம் அங்க படிச்சவங்க."

"அவனா! அவன் தாத்தன் குளிர்ல நடுங்காம படிச்சதே எங்கப்பா போட்ட நெருப்புலதான்."

"அதையும் எழுதச் சொல்லியிருக்கலாமே" என்றாள் மனைவி ஜூடித், பட்டாணி சூப்பை ஊற்றிக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை.

"இனி என்ன செய்யப் போற?" என்று மகளைக் கேட்டார் ரோலண்ட்.

"பஸ்ல போய் வர்ற கல்லூரி ஒண்ணு இருக்கு. கோடையில வேலை செஞ்சாதான் அதுவும்."

காகித ஆலை மூடிய பிறகு அந்த ஊரில் வேலை என்றால் மலைமேல் கல்லூரியில்தான். ரோலண்ட் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளைத் தயங்கித் தயங்கி எடுத்தார்.

"சூப்பர்வைசர் குடுத்தாரு. விடுதி ரூம் கழுவ ஆள் எடுக்கறாங்க. 'உன் பொண்ணை அனுப்பு, நம்ம ஆளுங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் முதலிடம்'னாரு."

சூப் ஆறிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்று சொல்ல கோலெட்டுக்கு வழியில்லை. தாளை வாங்கி, பேர் எழுதினாள். வயது எழுதினாள். நாலாவது வரியில் பேனா நின்றது. அதே கேள்வி. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

'யாரும் இல்லை' என்று எழுதினாள்.

"என்னடி இது? நான் இல்லையா? இப்படி எழுதினா வேற எவனையாவது எடுத்துருவாங்க!"

"எடுக்கட்டும். உன்னையும் தாத்தாவையும் அவங்க கணக்குல சேர்க்கலையே. அவங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன் பா."

ரோலண்ட் இழுப்பறையைக் கிளறி அழிக்கிற ரப்பரை எடுத்து வந்தார்.

மகள் பேனாவால் எழுதியிருந்தாள்.