உழக்கடா, தம்பி

சைக்கிள் ஓட்டப் போட்டியை அழகான விளையாட்டு என்று சொல்கிறவர்கள் அதைத் தொலைக்காட்சியில், ஹெலிகொப்டரில் இருந்து எடுத்த படமாகப் பார்த்தவர்கள். நான் தெருவோரத்தில் நின்று பார்த்தவள். அது ஒரு சண்டை. நூறு நூற்றைம்பது ஆண்கள் ஒரே வளைவுக்குள் முதலில் நுழைய அடிபடுவார்கள். முழங்கையால் இடிப்பார்கள், தலையால் முட்டுவார்கள், துப்புவார்கள், விழுந்தவனுக்கு மேலால் ஏறிப் போவார்கள். என் தம்பி டெனிஸ்டன் ஏழு வருசம் அந்தச் சண்டையில் சம்பளத்துக்கு இருந்தான்.

பலெர்மோவில் பிறந்தவன். பதினெட்டு வயதில் இத்தாலியக் கடவுச்சீட்டு எடுத்தவன். ஆனால் பேப்பர்காரர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. வென்றால் அவன் 'பலெர்மோவின் பையன்', விழுந்தால் 'அந்த இலங்கையன்'. அவன் ஒருபோதும் வென்றதில்லை என்பதால் முதல் பேரை நாங்கள் அச்சில் பார்க்கவே இல்லை.

அவன் வெல்வதற்காகச் சேர்க்கப்பட்டவனும் அல்ல. அணித் தலைவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காற்றை மறைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் ஓட வேண்டும். அவனுடைய சில்லு காற்றுப் போனால் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தெருவோரத்தில் நிற்க வேண்டும். இத்தாலியனில் அதற்குக் கிரெகாரியோ என்று மரியாதையான பேர். என்ன வேலை அது என்று அப்பா ஒருநாள் விளக்கமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்ப இவனும் என்னைப்போலை வீட்டுவேலைதான். என்னட்டைச் சைக்கிள் இல்லை, அவ்வளவுதான்."

அப்பாவுக்குச் சூசைதாசன் என்று பேர். பெரிய மாடிக் கட்டடங்களில் படி கழுவுகிற வேலை. பல்லரோச் சந்தைக்குப் பின்னால் எங்கள் வீடு.

அந்த வருசத்தோடு டெனிஸ்டனின் ஒப்பந்தம் முடிகிறது. முப்பது வயதை எட்டிவிட்டான், வேறு எந்த அணியும் கூப்பிடவில்லை. அவனுக்கு இதைத் தவிர ஒரு வேலையும் தெரியாது. அப்படியிருக்க அணியின் பொறுப்பாளர் அவனைக் கூப்பிட்டு, பலெர்மோவில் நடக்கும் போட்டியில் யாருக்கும் தண்ணீர் தூக்க வேண்டாம், உனக்காக ஓடு என்று சொன்னார். வென்றால் அடுத்த ஒப்பந்தம். இல்லையென்றால் கைகொடுத்து அனுப்பிவிடுவோம். டெனிஸ்டன் அதை வீட்டில் சொன்ன நாளில் இருந்து அம்மா செபமாலையைக் கீழே வைக்கவில்லை. போட்டியைப் பார்க்க அம்மா வரமாட்டா. பிள்ளை விழுகிறதை எந்தத் தாய் பார்ப்பாள்?

பகேரியாவில் தொடங்கி, சியாகுல்லித் தோட்டங்களைச் சுற்றி, பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியாவின் கோயிலடியில் முடிகிற ஓட்டம். நானும் அப்பாவும் கடைசி வளைவில் நின்றோம். பக்கத்தில் ரொவேர்சியின் ஆட்கள் பியர் போத்தல்களோடு கத்திக்கொண்டு நின்றார்கள்.

ரொவேர்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். வேறு அணிக்காரன், நல்ல ஓட்டக்காரன், கேடுகெட்டவன். முந்தின வருசம் ஒரு போட்டியில் டெனிஸ்டனைத் தோளால் இடித்து இரும்பு வேலியில் ஏற்றினான். தோள் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நடுவர்கள் அதை விபத்து என்று எழுதினார்கள். அந்த எலும்பைப் பார்த்தவள் நான், ஆகவே அந்த மனிதனை நான் நடுநிலையாகச் சொல்லுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அப்பா என் கைபேசியைப் பறித்து, அதில் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று என் தோளில் அறைந்தார்.

"பிள்ளை, முன்னாலை ரெண்டே ரெண்டு பேர்! எங்கடை பொடியனும் அவனும்!"

மற்றவர்கள் இரண்டு வளைவு கீழே வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வளைவைத் தாண்டினால் கோயில் தெரியும்.

டெனிஸ்டன் உள்பக்கமாக வந்தான். ரொவேர்சி வழக்கம்போலத் தோளை இறக்கி அவனை நெருக்கினான். இப்படி நெருக்கினால் தம்பி பிறேக் பிடித்து வழிவிடுவான். ஏழு வருசப் பழக்கம். அன்று அவன் பிடிக்கவில்லை.

இரண்டு சைக்கிளும் கொழுவின. இரண்டு பேரும் தாரில் விழுந்து எங்கள் காலடி வரை இழுபட்டு வந்தார்கள். தம்பியின் இடுப்பில் உடுப்பும் தோலும் சேர்ந்து உரிந்து போயிருந்தது. உதடு பிளந்து பல் தெரிந்தது. முதலில் எழும்பியவன் ரொவேர்சி. தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, எழும்ப முயன்றவனின் தலையில் அதால் அடித்தான். இன்னொருமுறை அடித்தான்.

"போடா சிங்களேசே, போய் அப்பனோடு படி கழுவு!"

இத்தாலியர் இலங்கையில் இருந்து வந்த எல்லோரையும் சிங்களேசே என்றுதான் சொல்லுவார்கள். தமிழனுக்கு அது எப்படிச் சுடும் என்று ரொவேர்சிக்குத் தெரியாது. ஆனால் படி கழுவுகிறதைத் தெரிந்துதான் சொன்னான்.

டெனிஸ்டன் முழங்காலில் இருந்தபடியே அவன் வயிற்றில் குத்தினான். பிறகு எழும்பி முகத்தில் குத்தினான். மூக்கு நசிந்து இரத்தம் என் சட்டை வரை தெறித்தது. ரொவேர்சி மல்லாக்க விழுந்தான். தம்பியின் சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்திலேயே கிடந்தது. ஏறினால் வெற்றி. எனக்கே தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தடுப்பு நாடாவைப் பிய்த்துக்கொண்டு தெருவுக்குள் பாய்ந்தார்.

"உழக்கு! டேய் தம்பி, உழக்கு!"

டெனிஸ்டன் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். காலைத் தூக்கி, கீழே கிடந்தவனின் கெண்டைக்காலில் ஓங்கி மிதித்தான். ஓட்டக்காரர்களுடைய சப்பாத்துக்கு அடியில் பெடலில் பூட்டுகிற கெட்டித் தகடு இருக்கும். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. ரொவேர்சி கத்தியது மனிதன் கத்துகிற மாதிரி இல்லை.

"ஐயோ, உழக்கடா! உழக்கடா! வாறாங்களடா!"

அப்பா மேலே கோயில் பக்கம் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினார். டெனிஸ்டன் மறுபடியும் காலைத் தூக்கினான். இந்தமுறை முழங்கால்.

பிறகு எல்லாம் கைகலப்பு. ரொவேர்சியின் ஆட்கள் அப்பாவின் மேல் விழுந்தார்கள். ஒருவன் பியர் போத்தலால் காதோடு சேர்த்து அடிக்க, போத்தல் உடைந்து காது பாதி தொங்கியது. விழுந்தவரை உதைத்தார்கள். நான் ஒருவனின் தலைமயிரைப் பிடித்து இழுத்து, என்னைத் தள்ளிய கையைக் கடித்தேன். வாயில் உப்புச் சுவை வரும்வரை விடவில்லை. டெனிஸ்டன் அந்தத் தகட்டுச் சப்பாத்தோடு வழுக்கி வழுக்கி ஓடிவந்து ஒவ்வொருவனாக இழுத்து எறிந்தான். எங்களுக்குப் பக்கத்தால் மற்ற ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். எவன் வென்றான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் இரண்டு பொலிஸ்காரர்கள் காவல் நிற்க, அப்பாவின் காதைத் தைத்து முடித்திருந்தார்கள். அவர் தம்பியைக் கண்டதும் பாய்ந்தார்.

"விசரனே, ஏன்ரா இப்பிடிச் செய்தனி? வெண்ட ஓட்டத்தை விட்டிட்டு!"

"நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"என்னத்தைச் சொன்னனான்?"

"உழக்கச் சொல்லி."

"சைக்கிளையடா! சைக்கிளை உழக்கச் சொன்னனான்!"

டெனிஸ்டன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அக்கா, சைக்கிளையும் உழக்கிறதோ?"

ஓம், சைக்கிளையும் உழக்குவார்கள். மன்னாரில் பிறந்த அப்பாவுக்குப் பெடலை மிதிப்பது உழக்குவதுதான். ஆனால் என் தம்பி சைக்கிளை இத்தாலியனில் பழகினவன். அதற்கு அவனிடம் இருந்த சொற்கள் எல்லாம் இத்தாலியன். 'உழக்கு' எங்கள் வீட்டுக்குள் வேறு வழியால் வந்தது. அப்பா வேலையால் களைத்து வருவார், நாங்கள் ஏதாவது குழப்படி செய்திருப்போம், 'உழக்கிப்போடுவன்' என்று காலைத் தூக்குவார். சிலநேரம் தூக்கிய கால் இறங்கும். ஒருமுறை என் விலா எலும்பு வெடித்தது. படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னோம். கோயிலில் எல்லோரும் சூசைதாசன் நல்ல மனிதன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லுவேன். அவர் உழக்கியதும் உண்மை.

அப்பாவுக்கும் அது அந்த விறாந்தையில் விளங்கிவிட்டது. நிலத்தில் குந்திக்கொண்டு தன் வாயில் தானே அறைந்தார். தையல் பிரிந்து மறுபடி இரத்தம் வந்தது. பொலிஸ்காரன் அவருடைய கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ரொவேர்சியின் முழங்கால் இனி மடங்காது என்று செய்தி வந்தது. சைக்கிள் சங்கம் டெனிஸ்டனை விசாரணைக்குக் கூப்பிட்டது. எங்கள் வழக்கறிஞர் ஸ்ரெல்லா என்ற இத்தாலியப் பெண், கெட்டிக்காரி. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்கிற கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இதைச் சொன்னால் சிரிப்பார்கள். உங்கள் மொழியை இங்கே யார் கண்டார்கள்? தகப்பன் மிதிக்கச் சொன்னார், தலையில் அடிபட்டு மயங்கி நின்றவன் சொன்னதைச் செய்தான். அது எல்லோருக்கும் விளங்கும். இரண்டு வருசத் தடையோடு தப்புவான். தன் விருப்பத்தில் செய்தான் என்றால் வாழ்நாள் முழுக்கச் சைக்கிளைத் தொட முடியாது."

இன்னொன்றையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். அப்பா அப்படிச் சொன்னால், தூண்டிவிட்டவர் என்று பொலிஸ் அவர்மேல் வழக்குப் போடும். அவருடைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்கிற தறுவாயில் இருந்தது. வழக்கு இருந்தால் அதைக் கொடுக்கிற பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூரா தராமலே விடலாம்.

"நான் சொல்லுறன்," என்றார் அப்பா. "என்னைத் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். பொடியன் ஓடவேணும்."

டெனிஸ்டன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. இடுப்புக் காயம் காயுமுன்பே விடிய எழும்பிச் சைக்கிளில் பகேரியா வரை ஓடிவிட்டு வந்தான். கட்டு நனைந்து சிவந்திருக்கும். நான் திட்டிக்கொண்டே மாற்றிக் கட்டுவேன். அவன் மறுபடி ஓடவேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறொரு ஆசையும் இருக்கவில்லை.

விசாரணை ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ரொவேர்சி சக்கர நாற்காலியில், காலை நேராக நீட்டியபடி இருந்தான். இது நீதிமன்றமல்ல, அப்பாவுக்கு நானே மொழிபெயர்க்கலாம் என்று விட்டார்கள். யாரோ கைபேசியில் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எலும்பு முறிகிற சத்தம் அந்த மண்டபத்தில் இன்னும் பெரிதாகக் கேட்டது. அதற்கு மேலால் அப்பாவின் குரல்.

என்ன சொல்லிக் கத்துகிறீர்கள் என்று தலைவர் கேட்டார். அப்பா எழும்பி நின்றார்.

"மிதிக்கச் சொன்னனான். அவன்ரை காலை முறிக்கச் சொன்னனான். என்ரை பிள்ளை என்ரை சொல்லைத் தட்டாதவன்."

நான் அதைக் கூசாமல் இத்தாலியனில் சொன்னேன். மூன்று பேரும் எழுதினார்கள். ஸ்ரெல்லா மூச்சுவிட்டாள். அப்படித்தானா என்று தலைவர் டெனிஸ்டனிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"இல்லை," என்றான் அவன் எழும்பி நின்று, இத்தாலியனில். "அப்பா பொய் சொல்கிறார். அவர் சைக்கிளை ஓட்டத்தான் சொன்னார். எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. மிதிக்கச் சொல்கிறார் என்று நினைத்து மிதித்தேன்."

"இரண்டாம் தடவை?"

ஸ்ரெல்லா அவன் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவன் உட்காரவில்லை.

"இரண்டாம் தடவை அவர் மேலே கோயில் பக்கம் கையைக் காட்டினார். விளங்கியது. சைக்கிளையும் பார்த்தேன். ஏறியிருந்தால் வென்றிருப்பேன்." அவன் ரொவேர்சியின் பக்கம் திரும்பினான். "வெல்வதைவிட உன் முழங்காலில் மிதிக்கத்தான் எனக்கு விருப்பமாக இருந்தது."

எனக்கு எழும்பி ஓடிப்போய்த் தம்பியின் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. அவ்வளவு கோபம் அவன்மேல். அவ்வளவு பாசமும்.

அப்பாவுக்கு இவ்வளவு வேகமான இத்தாலியன் விளங்காது. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன சொல்லுறான் பிள்ளை? நல்லாச் சொன்னவனோ?"

"அவனுக்கு விளங்கினதாம், அப்பா. ரெண்டாந்தரம் விளங்கித்தான் உழக்கினவனாம்."

அப்பா என் சட்டையை விட்டார். அவர்கள் வாழ்நாள் தடை என்று வாசித்து முடிக்கும்வரை, எழும்பி நின்ற தன் பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.