மலை வண்டிக்கு டயர்

ஒரே வருடத்தில் மூன்றாவது தடவையாக டயர் வாங்கப் போனேன். மலை மேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிப் போகிற பிக்கப் வண்டி எங்களுடையது. வண்டி என் பேரில். ஓட்டுவது என் கொழுந்தன். போன வாரம் பாதி வழியில் டயர் கிழிந்து, சிலிண்டர் சாயந்தரம்தான் போய்ச் சேர்ந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த லோடில்தான்.

என்னைப் பார்த்ததுமே கடைக்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதப் பாருங்கம்மா, எல்லா ரோட்டுக்கும் ஓடும். மண்ணு, கல்லு, தாரு, எதுக்கும் அசராது" என்று பெரிய பெரிய பட்டன் மாதிரி ரப்பர் துருத்திக்கொண்டிருந்த டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சூப்பரா இருக்கு அண்ணி. வண்டி சும்மா சிங்கம் மாதிரி நிக்கும்" என்றான் கூட வந்திருந்த கொழுந்தன். எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிற ஆள். ஆளை விட அந்த மீசைக்குத்தான் மிடுக்கு அதிகம்.

"போன தடவையும் சிங்கம்னுதான் வாங்குனோம். எவ்வளவு எடை தாங்கும்னு சொல்லுங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். நான் குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்ததைப் படித்தேன். குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிற காருக்கான டயர் அது. கடையையே புரட்டவைத்து, தடித்த ரப்பரும் எங்கள் லோடுக்கு ஏற்ற எடை எண்ணும் இருந்த பத்து ப்ளை, அதாவது பத்து அடுக்கு, டயராக நான்கு எடுத்தேன். பார்க்கச் சப்பென்று இருந்தது. மீசைக்கு முகம் தொங்கிப்போனது. லோடு ஏற்றினால் எவ்வளவு காற்று வேண்டும் என்று கேட்டு, பக்கத்திலேயே நின்று அளவு பார்த்துப் பிடிக்கவைத்தேன்.

மறுநாள் காலை மீசையிடமிருந்து போன் வந்தது. மலை ஏறி இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை, புது டயர் ஒன்று கிழிந்துவிட்டது.

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கடைக்காரருக்குத்தான் அர்ச்சனை. மீசை ஸ்டெப்னி மாட்டிக்கொண்டிருந்தான். மற்ற மூன்று டயரும் அடியில் பிதுங்கி நின்றன. சந்தேகப்பட்டு வண்டியில் கிடந்த காற்று அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தேன். பிடித்த காற்றில் பாதிகூட இல்லை.

"யாரு காத்த இறக்குனது?"

அவன் நட்டை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"நான்தான் அண்ணி. அடிவாரத்துல இறக்கிடுவேன். திரும்பி வரும்போது பிடிச்சுக்குவேன்."

"இத்தன நாளுமா?"

"காத்து இருந்தா வண்டி குதிக்குது. என்னதான் இறுக்கிக் கட்டுனாலும் சிலிண்டர் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது, என் முதுகுக்குப் பின்னாடியே. எப்ப வெடிக்குமோன்னு..." நிறுத்தினான். "சொன்னா சிரிப்பீங்க."

சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காற்று இல்லாத டயர் அவ்வளவு லோடோடு கல்லில் ஏறினால் நசுங்கிக் கிழியாமல் என்ன செய்யும்? இத்தனை டயரையும் கொன்றது கடைக்காரர் இல்லை, கல் இல்லை, இந்த மீசை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிலிண்டருக்கு நடுவே வைக்கக் கொஞ்சம் பழைய ரப்பர் கிடைக்காதா? நான் அதைக் கத்திக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் போனில் கூப்பிட்டார்.

"இன்னைக்கும் நேரத்துக்கு வரல. வேற வண்டி பேசியாச்சும்மா. இந்த லோட மட்டும் இறக்கிட்டுப் போங்க. இனிமே வர வேண்டாம்."

அதற்குப் பிறகு கத்தி என்ன பிரயோஜனம்? வண்டியில் இருந்த சின்னப் பம்பை வைத்து நான்கு டயருக்கும் முழுக் காற்று பிடித்தேன். மீசையைத் தனியாக விட்டால் மறுபடியும் இறக்கிவிடுவான் என்று, ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். லோடோடு நான் அந்த வண்டியில் போவது அதுதான் முதல் தடவை.

அடுத்த வளைவில் ஒரு குழி. இரும்போடு இரும்பு மோதிய சத்தம் நேராக என் பிடரியில் இறங்கியது. இன்னொரு குழி, இன்னொரு சத்தம். இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். மீசையின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"காத்தக் கொஞ்சம் இறக்கட்டுமா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டான்.

இறக்கு என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து வாயை இறுக மூடிக்கொண்டேன்.