வலது பக்கம்

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு வார்த்தைகள் காணாமல்போக ஆரம்பித்தன. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே, "அது... அந்தத் திருகுறது" என்பார். பரம்பரையாக வரும் மூளைத் தேய்மானம் என்றார் டாக்டர். அவர்கள் அப்பாவுக்கும் கடைசியில் பேச்சே நின்றுபோயிருந்தது. அதனால் அந்த வியாதி என்றாலே வார்த்தை மறப்பது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

என் மனைவிக்கோ வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. மருந்துக்கடையில் வேலை, வாயில் நுழையாத மாத்திரைப் பெயரையெல்லாம் கடகடவென்று சொல்வாள். ஆனால் ஒரு வருஷமாக ஆள் மாறியிருந்தாள். கடைக்கு வந்த ஒரு அம்மாவிடம், "மாத்திரை எதுக்கு, தீனியக் குறைங்க" என்று சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒருநாள் பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறியவன், விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள்.

"கை போச்சுடி!"

"அதுக்கு ஏன் கத்துறீங்க? டி.வி. கேக்கல."

இருபது வருஷம் கூட வாழ்ந்தவள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மாவுக்கட்டோடு என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். "திமிரு. கொஞ்ச நாள் தனியா கெடக்கட்டும்" என்றாள் அக்கா. மூன்று வாரம் நானும் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை.

மச்சானின் வருடாந்திர ஸ்கேனுக்கு அவள்தான் துணைக்குப் போனாள். அங்கே பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றிருக்கிறாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அவளுக்கும் எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின், திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். மச்சானுக்கு மூளையின் இடது பக்கம் அதிகமாகச் சுருங்கியிருந்தது. அவளுக்கு வலது பக்கம்.

"ஒரே மரபணுதாங்க. எந்தப் பக்கம் முதல்ல தேயும்னு முன்கூட்டியே சொல்றது கஷ்டம். அவருக்குப் பேச்சு போச்சு. இவங்களுக்கு அடுத்தவங்க வலி புரியாமப் போச்சு."

"அப்ப இவ வேணும்னு பண்ணலையா?"

"இல்லைங்க. போகப்போக மறுபக்கமும் தேயும். அதை நிறுத்த நம்மகிட்ட மருந்து இல்ல. பிள்ளைங்க இருக்காங்களா?"

இல்லை என்றேன். அந்தக் குறையை நினைத்து இத்தனை வருஷம் மருகியவன், அன்றுதான் முதல்முறையாக நிம்மதி அடைந்தேன்.

அவள் திரையை உற்றுப் பார்த்து, "எங்கண்ணனைவிட என் மூளை பெருசு" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அன்றே பெட்டியோடு வீடு திரும்பினேன். மச்சானையும் அழைத்து வந்துவிட்டேன். அவர் திணறும்போது, "சீப்பு! இதுகூடத் தெரியாதா, மரமண்டை?" என்று எடுத்துக்கொடுக்கிறாள். அவருக்குக் கோபமே வருவதில்லை.

போன மாத ஸ்கேனில் அவளுக்கு இடது பக்கமும் லேசாகச் சுருங்கத் தொடங்கியிருந்தது. வெளியே வந்து அவளிடம் சொன்னேன்.

"சரி. பசிக்குது" என்றாள்.

எதிர்க் கடையில் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.