கழுத்தளவு டாலர்

காலண்டர் லட்சுமியின் கையிலிருந்து விழும் காசு படத்தின் அடியில் போய்ச் சேரும். தை மாதம் சுவரில் மாட்டும்போது தாமரையின் கீழ் இதழ் முழுதாகத் தெரியும். ஆடி வாக்கில் பாதி மறைந்திருக்கும். மார்கழி கடைசியில் காசு மெல்ல அவள் மடியைத் தொடும். அதற்குள் புதுக் காலண்டர் வந்துவிடும். காசு அதற்கு மேல் ஏறினால் என்ன செய்வது என்று யாரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

சிவகாசி ஓவியர் காளிராஜுக்கு அந்த அவசியம் ஓர் ஐப்பசி மாதம் வந்தது.

காளிராஜ் வரைந்த லட்சுமிகள் எல்லோருக்கும் ஒரே முகம். யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். அவருக்கே தெரியாது. முதல் படத்தில் தானாக வந்த முகம் அது. உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு, எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்க்கிற கண். அந்த முகத்தை வைத்துத்தான் வீடு கட்டினார், பெண்ணைக் கட்டிக் கொடுத்தார். அம்மா முகம் மறந்தாலும் மறக்கும், இது மறக்காது என்று தன் மனைவியிடமே சொல்லியிருக்கிறார்.

வருஷா வருஷம் அவரிடம் காலண்டருக்குப் படம் வாங்குகிறவர்களில் திருப்பூர் நாச்சிமுத்துவும் ஒருவர். பனியன் ஏற்றுமதி செய்பவர். நல்ல மனுஷர்தான், ஆனால் எதிலும் தன் யோசனை ஒன்றைச் சேர்க்காமல் விடமாட்டார். அந்த வருஷத்துப் படத்தைப் பென்சிலில் போட்டுக் காட்டியபோது அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னங்க இது, வட்ட வட்டமா? தேங்காப் பர்பி கொட்டற மாதிரி இருக்குது. நமக்கு வர்றது டாலருங்க. டாலர் போடுங்க."

காளிராஜ் ஒவ்வொரு காசுக்குள்ளும் டாலர் குறியைப் போட்டுக் காட்டினார்.

"வட்டம் எதுக்குங்க? குறி மட்டும் போதும். குறியப் பாத்தாலே பணம்னு தெரியுமில்லீங்களா?"

தெரியும்தான். குழந்தைகூடச் சொல்லும். காளிராஜ் வட்டங்களை எல்லாம் அழித்துவிட்டு, வளைவும் நெளிவுமாக, நடுவே குச்சி செருகி, தங்க நிறத்தில் குறிகளை மட்டும் விழ வைத்தார். பார்க்கப் பாந்தமாகத்தான் இருந்தது. நாச்சிமுத்து மூலப்படத்துக்குக் கண்ணாடி போடாமல் பெரிய சட்டம் மட்டும் போட்டு, ஆபீஸில் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். அச்சடித்த காலண்டர்கள் திருப்பூரில் வீடு வீடாகப் போயின.

வட்டமான காசு விழுந்தால் உருளும், இடம் பார்த்துப் படியும். குறிக்கு அந்தக் குணம் கிடையாது. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி. ஒன்று இன்னொன்றில் மாட்டும், அது மூன்றாவதை இழுக்கும். துணி மாட்டும் ஹேங்கர்களை மூட்டையில் போட்டால் எப்படி நிற்குமோ அப்படி நின்று மேலே ஏறியது. போதாததற்கு, டாலர் விலை ஏறுகிற நாட்களில் குறிகள் வேகமாகவும் விழுந்தன.

முதலில் போன் செய்தது ருக்குமணி என்கிற பெண். திருப்பூரில் பனியன் தைக்கிறவள். அச்சகத்தில் கேட்டு நம்பர் வாங்கியிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் வந்துருச்சுங்க. இப்பத்தான் ஆவணி பொறந்துருக்குது. கேட்டுட்டுப் போலாம்னுதான் கூப்புட்டனுங்க."

"பாப்போம்மா. சில வருசம் முன்னப்பின்ன இருக்கும்" என்றார் காளிராஜ். அதை அவரே நம்பவில்லை.

புரட்டாசியில் மார்பு வரை வந்துவிட்டது என்றாள். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். 

"கழுத்துக்கு வந்துருச்சுங்கண்ணா. அம்மா நாடியத் தூக்கிட்டு இருக்காங்க. எனக்குப் பாக்க முடியலீங்க."

காளிராஜ் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். தூரிகைப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவருக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமாக அவர் அவளுக்கு நாடியைத் தூக்கி வரைந்ததே இல்லை.

திருப்பூர் பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரர் சுவரிலும் அந்தக் காலண்டர்தான். குறிகள் கழுத்து நகையை மூடியிருந்தன. அவள் கண் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் ஊதுபத்தியைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தார், புகை மூக்கில் ஏற வேண்டாம் என்று. காளிராஜ் காலண்டரைத் தொட்டுப் பார்த்தார். அச்சடித்த தாளில் கை உள்ளே போகாது. மூலப்படத்தில்தான் போகும். மூலத்தில் எதை மாற்றினாலும் மறுகணமே பிரதிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒருமுறை முருகன் படத்தில் மயிலுக்கு ஒரு கால் போட மறந்து, அச்சாகிப் போன பிறகு மூலத்தில் போட்டார். எல்லா வீடுகளிலும் மயில் காலூன்றிக்கொண்டது.

நாச்சிமுத்து ஆபீஸில் தனியாக இருந்தார். எதிர்ச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் டாலர் விலை ஏறிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதும், திரும்பிப் படத்தைப் பார்த்துக் கலங்குவதுமாக இருந்தார். நாற்காலி அதற்குத் தோதாகச் சுழலும் நாற்காலி.

"வாங்க காளிராஜு. காலைல இருந்து நல்ல வெலைங்க. அதான் இப்படிக் கொட்டுது."

காளிராஜ் நேராகப் படத்தின் முன் போய் நின்றார். குறிகள் அவள் தாடையைத் தொட்டிருந்தன. வலது கை மட்டும் குவியலுக்கு வெளியே, அவர் வரைந்தபடி விரிந்து, விடாமல் பொழிந்துகொண்டிருந்தது. அவளால் அதை மூட முடியாது. வாயைத் திறந்து கேட்கவும் முடியாது. சிரித்த உதட்டை மூடித்தான் வரைந்திருந்தார்.

"முதலாளி, கைய மூடி வரஞ்சுர்றேன். நாலு கோடு. நிமிசத்துல ஆயிரும்."

"கை மூடுன லச்சுமிய எவனுங்க மாட்டுவான்? நாளைக்குக் காலைல இத்தன வீட்லயும் கைய மூடிட்டு உக்காந்திருந்தா என்னைய என்னன்னு பேசுவாங்க? வேண்டாமுங்க. வேற ஏதாச்சும் பண்ணுங்க."

காளிராஜ் படத்தின் கீழ் மூலையில் கருப்பில் ஒரு துவாரம் வரைந்தார். தண்ணீர் போகிற அளவுக்கு நல்ல துவாரம். முதல் குறி பாதி வெளியே வந்து நின்றது. அதன் கொக்கியில் மற்றவை மாட்டிக்கொண்டு அடைத்துவிட்டன. நாச்சிமுத்து நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கை கிழிந்ததுதான் மிச்சம்.

அதற்குள் குறிகள் கீழுதட்டுக்கு வந்துவிட்டன.

காளிராஜ் வெள்ளையைக் குழைத்து மேலாகக் கிடந்த குறிகளை அழித்தார். அழித்த இடத்தில் அடியில் இருந்தவை நிமிர்ந்து வந்தன. கைக்கு வந்ததை எல்லாம் பிடுங்கித் தரையில் போட்டார். ஒன்றைப் பிடுங்கினால் ஒரு சரமே அவள் மூக்குத்தியைப் பற்றி இழுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காளிராஜ் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார்.

"டிவிய அணைங்க முதலாளி!"

நாச்சிமுத்து அணைத்தார். விலை ஏறுவது அதனால் நிற்கவில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"இனி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றார் காளிராஜ். "எந்திரிக்க வச்சிர்றேன். நின்னா இடுப்புக்குத்தான் வரும்."

நாச்சிமுத்து நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். நிற்கும் லட்சுமியை வீட்டிலோ கடையிலோ மாட்டமாட்டார்கள். உட்கார்ந்திருந்தால் தங்குவாள், நின்றால் கிளம்பிவிடுவாள். படம் வாங்க வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

"நின்னா போயிருவாங்களே காளிராஜு."

"போனாலும் உசுரோட போகட்டும் முதலாளி."

"இருவது வருசமா இங்கதானுங்க இருக்காங்க. எங்கப்பன் செத்தன்னைக்குக்கூட இவங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் தறிய ஓட்டுனேன்."

காளிராஜுக்குக் கோபம் வந்தது. "அந்த மூஞ்சிதான் முதலாளி மூழ்கிக்கிட்டு இருக்கு!"

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். மேலுதடு மறைந்துவிட்டது. மூக்குத்தியின் கல்லின் மேல் ஒரு குறி வந்து படுத்தது. அவர் எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளினார்.

ஓவியத்தில் உட்காருவது என்பது முழங்காலில் இரண்டு மடிப்புக்கோடுதான். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் யாராயிருந்தாலும் எழுந்து நிற்க வேண்டியதுதான். கோடுகள் குவியலின் அடியில் இருந்தன. காளிராஜ் டர்பன்டைனில் துணியை நனைத்து, மேஜை மேல் ஏறி, சட்டத்துக்குள் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று, தோள் வரை போயிற்று. குச்சிகள் குத்தின. கொக்கிகள் சட்டையைக் கிழித்துச் சதையைப் பிடித்தன. நாச்சிமுத்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விரலில் பட்டுப்புடவையின் சரிகை தட்டியது. அங்கிருந்து தடவித் தடவி முதல் மடிப்பைக் கண்டுபிடித்துத் துடைத்தார். படத்தில் ஒன்றும் அசையவில்லை.

"மூக்கு மறஞ்சுருச்சுங்க" என்றார் நாச்சிமுத்து. அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

காளிராஜ் தலையையும் உள்ளே விட்டார். காதருகில் குறிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இத்தனை வருஷம் வரைந்த கையை நம்பி, இரண்டாவது மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் துணியை வைத்து அழுத்தி இழுத்தார்.

அவள் எழுந்தாள்.

குறிகள் தோளிலிருந்தும் கூந்தலிலிருந்தும் சரசரவென்று சரிந்தன. மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்துவிட்டாள். சட்டத்தைத் தாண்டி மேஜையில் கால் வைத்து, அங்கிருந்து தரைக்கு இறங்கினாள். ஒன்றில் ஒன்று மாட்டியிருந்த குவியல் மொத்தமும் அவள் பின்னாலேயே தரையில் வந்து கொட்டியது. புடவையில் தொற்றியிருந்த இரண்டொரு குறிகளை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். நாச்சிமுத்து செம்பில் தண்ணீர் கொடுத்தார். அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். காளிராஜின் தோளில் ரத்தம் வந்துகொண்டிருந்ததைப் பார்த்து, முந்தானையால் ஒற்றிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போனாள். வாசலில் வாட்ச்மேன் ஆட்டோ வேண்டுமா என்று கேட்டது உள்ளே கேட்டது.

காளிராஜ் மேஜை மேலேயே உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அப்போது தெம்பில்லை.

சற்று நேரத்தில் ருக்குமணியின் போன் வந்தது.

"அம்மா போறதப் பாத்தனுங்கண்ணா. நல்லபடியா போயிட்டாங்க. ஆனா தாமரை காலியா இருக்குது. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்குப் பத்த வச்சுட்டேன். இப்ப யாருக்குங்க காட்டறது?"

காளிராஜ் நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து காலியான தாமரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் பூராவும் விளக்கேற்றிவிட்டுக் காத்திருக்கும் நேரம். அவர் செருப்பைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"என்னையப் புடிச்சு ஏத்தி விடுங்க" என்றார்.

காளிராஜ் அவரைச் சட்டத்துக்குள் ஏற்றிவிட்டு, முழங்காலில் இரண்டு மடிப்பு வரைந்து தாமரையில் உட்கார வைத்தார். நாச்சிமுத்து வலது கையை விரித்துக்கொண்டார். முதலில் ஒன்றும் விழவில்லை. அவர் எட்டிப் பார்த்து, டிவியைப் போடச் சொன்னார். போட்டதும் விழ ஆரம்பித்தது. ருக்குமணி தன் வீட்டுக் காலண்டரில் அவருக்குத் தீபம் காட்டிச் சந்தனப் பொட்டு வைத்தாள். சந்தனம் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார் படத்துக்குள்ளிருந்த நாச்சிமுத்து.

இரண்டு வாரம் போனது. விலை நல்ல விலை. குறிகள் அவர் கழுத்துக்கு வந்தபோது காளிராஜ் டர்பன்டைன் துணியோடு போய் நின்றார்.

"எந்திரிச்சுர்றீங்களா முதலாளி?"

"எதுக்குங்க? எந்திரிச்சா போயிர மாட்டனா?"

"அப்ப கையவாவது மூடிர்றேன்."

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று நாச்சிமுத்து அவசரமாகச் சொன்னார். நாடியைத் தூக்கிக்கொண்டுதான் சொன்னார். "கழுத்த மட்டும் கொஞ்சம் நீட்டி விடுங்க."

கேட்டதை வரைந்து கொடுப்பதுதான் தொழில். காளிராஜ் நீட்டினார். அதற்கடுத்த வாரமும் நீட்டினார். இப்போது திருப்பூரிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். நாச்சிமுத்துவின் மனைவி தினமும் மதியம் மோர் கொடுத்துவிடுகிறார். ஏணி வைத்து ஏறித்தான் அவருக்குப் புகட்ட வேண்டியிருக்கிறது. கார்த்திகை முடிவில் கழுத்து கூரையைத் தாண்டிவிட்டது. ருக்குமணி வீட்டில் இப்போது சுவர் முழுக்க டாலர் குறிகள்தான் தெரிகின்றன. முகம் மேலே மாடி வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பொட்டை மாடி வீட்டுக்காரர்கள் வைத்துவிடுகிறார்கள். ருக்குமணி கீழே குறிகளுக்கு விளக்கு ஏற்றுகிறாள்.