இரண்டாவது மிடறு

பானப்பொடிக் கம்பெனியின் ருசி அறையில் பேசக்கூடாது. முகம் சுளிக்கக்கூடாது. ஆளுக்கொரு மரத்தடுப்பு, உள்ளே ஒரு நாற்காலி, துப்புவதற்கு ஒரு தொட்டி, நிறத்தைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடாமல் இருக்க ஒரு சிவப்பு விளக்கு. எதிர்ச் சுவரில் சின்னக் கதவு ஒன்று திறக்கும், எண் ஒட்டிய கோப்பை வரும். குடித்துப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். உட்கார்ந்து குடிப்பதற்குச் சம்பளமா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை குடித்துக் குடித்துத் துப்பிப் பார்த்தால் அந்தக் கேலி அடங்கும்.

அந்த அறையின் மூன்றாவது தடுப்பில் இருந்தவளுக்கு நாலு மாதமாக எந்த ருசியும் மணமும் தெரியவில்லை.

புருஷன் போனதிலிருந்து அப்படி. காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றவன், மத்தியானம் இல்லை. அவள் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், போனவர்களை வாசல்வரை வழியனுப்பினாள். "கல்நெஞ்சுக்காரி" என்று யாரோ சமையலறையில் சொன்னது காதில் விழுந்தது. அதுவும் வலிக்கவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று முதல் கோப்பையை வாயில் வைத்தாள், வெறும் வெந்நீர். அடுத்ததும் வெந்நீர். டாக்டர் மூக்கிலும் தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். இருந்து என்ன பிரயோஜனம் என்று அவரிடம் யார் கேட்பது?

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பத்து வயது மகள் இருக்கிறாள். வீட்டில் வேறு சம்பளம் இல்லை. ருசி தெரியாதவளை ருசி அறையில் வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

பக்கத்துத் தடுப்பில் அண்ணி இருந்ததால் பிழைத்தாள். அண்ணி என்றால் புருஷனுடைய அக்கா. அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். பாலில் தண்ணீர் கலந்தால் எந்தக் குழாய்த் தண்ணீர் என்றுகூட அண்ணி சொல்லிவிடுவாள் என்று ஆபீசில் பாதி கேலியாகவும் பாதி பயத்தோடும் பேசிக்கொள்வார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் முகம் தெரியாது, ஆனால் உறிஞ்சும் சத்தம் கேட்கும். முதல் மிடறு கடமைக்கு. பானம் பிடித்துப்போனால் இரண்டாவது மிடறு தன்னால் உள்ளே போகும். எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் அந்தப் பழக்கத்தை யாராலும் அடக்க முடியாது. அவள் தன் முதல் மிடற்றைத் துப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இரண்டாவது மிடறு கேட்டால் எட்டு. கேட்காவிட்டால் நாலு. மற்றவர்கள் போடுவதோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்கையில் எதுவும் வெளியே தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்துக்குக் கம்பெனி ஒரு புதுப் பெட்டி தயாரித்துக்கொண்டிருந்தது. உலகத்தில் எங்கெங்கே குளிருக்கு எதைச் சூடாகக் குடிக்கிறார்களோ அத்தனையும் பொடியாக, பாக்கெட் பாக்கெட்டாக. துருக்கியிலிருந்து சாலெப்: ஆர்க்கிட் கிழங்கு மாவைப் பாலில் காய்ச்சி, மேலே லவங்கப்பட்டைத் தூள். மெக்சிகோவிலிருந்து சோளமாவும் சாக்லேட்டும் கலந்த கூழ். கொரியாவிலிருந்து இஞ்சியும் சீன இலந்தையும் கொதிக்கவைத்த சாறு. பொலிவியாவிலிருந்து கருநீலச் சோளத்தில் கிராம்பு போட்டது. ஒவ்வொன்றிலும் என்னென்ன சேர்கிறது என்று அவள் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தாள். "பட்டை வாசனை கடைசியில் வருகிறது" என்று எழுதுவாள். வருகிறதோ இல்லையோ, வரவேண்டியதுதானே. உலகமே குளிர் காய்கிற பானமெல்லாம் அவள் வாய்வழியே போய்த் தொட்டியில் விழுந்தது. அவளுக்கு எல்லாம் ஒன்றுதான், சூடு மட்டும்.

ஒரே பயம் திருட்டுக் கோப்பை. ருசிக்காரர்கள் தூங்காமல் இருக்கிறார்களா என்று பார்க்க மேலாளர் சில மாதங்களுக்கு ஒருமுறை வேண்டுமென்றே கெட்டுப்போன கோப்பை ஒன்றை நடுவில் நுழைப்பார். அதில் மாட்டினால் நாற்காலி போச்சு.

அன்றைக்குக் கதவு திறந்து வந்த கோப்பை கையில் கனத்தது. நாக்கில் வழவழவென்று உருண்டது. சாலெப் என்று புரிந்துகொண்டு துப்பினாள். காத்திருந்தாள். பக்கத்தில் சத்தம் இல்லை. இன்னும் காத்திருந்தாள். குழகுழப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு இருமல் முட்டியது. இந்த அறையில் இருமினால் எல்லாத் தடுப்புக்கும் கேட்கும். வேறு வழியில்லாமல் இன்னொரு வாய் குடித்து அடக்கினாள். உடனே பக்கத்துத் தடுப்பிலும் இரண்டாவது மிடறு கேட்டது. அப்பாடா என்று எட்டு போட்டாள்.

மத்தியானம் மேலாளர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், அதட்டத் தெரியாது. அதனால்தான் அவர் முன்னால் நிற்கக் கஷ்டமாக இருந்தது.

"அந்தச் சாலெப் அடிப்பிடிச்ச பால்ல காய்ச்சினதும்மா. வெளியில நின்ன டிரைவர் வரைக்கும் மூக்கப் பொத்திக்கிட்டான். எல்லாரும் ஒண்ணு, ரெண்டுதான் போட்டிருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் எட்டு. பேசி வச்சுக்கிட்டு எழுதினீங்களா?"

அவர் இரண்டு தாளையும் மேஜையில் வைத்துவிட்டு, நாளையிலிருந்து இரண்டு பேரும் பாக்கெட் கட்டும் பிரிவுக்குப் போகச் சொன்னார். வேலை போகவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். நாலு மாதமாகப் பயந்தது நடந்துவிட்டது. அவளுக்குப் படபடப்பு ஒன்றும் வரவில்லை.

படிக்கட்டில் அண்ணி நின்றாள்.

"நீ ஏன் எட்டு போட்ட?"

"நீங்க ரெண்டாவது வாய் குடிச்சீங்களே அண்ணி."

"நீ குடிச்ச. அதக் கேட்டுத்தான் நான் குடிச்சேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. குருடனுக்குக் குருடன் கோல் பிடித்த கதை. நாலு மாதமாக அண்ணியின் நாக்கை நம்பி அவளும், அவள் நாக்கை நம்பி அண்ணியும். யாருக்காவது தொண்டை வறண்டு இன்னொரு வாய் உள்ளே போனால் இருவரும் எட்டு.

"எப்பலேருந்து அண்ணி?"

"தம்பி போனதுலேருந்து."

"நீங்கதான் அன்னிக்கு அப்படி அழுதீங்களே."

"அழுதேன். அழுதா சரியாப் போயிடும்னு யாரு சொன்னா?"

வேறு யாருக்காவது நடந்திருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இறங்கி நடந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் அண்ணி திடீரென்று அவள் கையைப் பிடித்தாள்.

"அப்போ பாப்பா?"

ஒரே கட்டடத்தில் மேல்வீடு அவளுடையது, கீழ்வீடு அண்ணியுடையது. மகள் பள்ளி விட்டு வந்ததும் சாப்பிடுவது அண்ணி வீட்டில், ராத்திரிச் சாப்பாடு அவள் வீட்டில். இருவருமே கைத்திட்டத்தில் அள்ளிப்போட்டுச் சமைத்துவிட்டு, மற்றவளுக்கு நாக்கு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில், ஒருத்தி சமையலை ஒருத்தி பாராட்டி வேறு வைத்திருந்தார்கள். பஸ் வந்தது.

மகள் அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா செருப்பைக் கழற்றாமலே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, நம்ம வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கே." பதில் ரொம்ப வேகமாக வந்தது.

"நெஜத்தச் சொல்லு. திட்ட மாட்டேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பென்சிலை மேஜையில் வைத்தாள்.

"சில நாள் உப்பே இருக்காது. சில நாள் வாயில வைக்க முடியாது. அப்போ நெறைய தண்ணி குடிச்சிப்பேன்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"அத்தை வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு. அப்பா இல்லாததால ரெண்டு பேருக்கும் சமைக்க மறந்துடுச்சுன்னு நெனச்சேன்." பிறகு சின்னக் குரலில் சொன்னாள். "நீ அழவே இல்லல்ல. நான் ஏதாவது சொல்லி நீ அழுதுட்டேன்னா?"

அவளுக்கு வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் வலித்தது. ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வேறு ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடைய சத்தம் என்று அவளுக்கே தெரியவில்லை. கணக்கு நோட்டின் மேல் தலையை வைத்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

மகள் பயந்துபோய் எழுந்து ஓடி, அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா அத்தை? இதுக்குத்தான் நான் சொல்லல."