டால்ரிம்பிளின் கடைசிக் கல்

எங்கள் கேப்டன் மன்ரோ டால்ரிம்பிள் முப்பது ஆண்டுகளாகக் கர்லிங், அதாவது பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிடும் ஆட்டம், ஆடுகிறார். ஸ்காட்லாந்து பட்டம் அவருக்குச் சிக்கவே இல்லை, மேடைகள்தான் சிக்கின. "நம்ம ஆட்டத்துக்கு நடுவரே வேண்டாம். கல்லைத் தொட்டவன் தானா வாயைத் திறப்பான்" என்று கிளப் விருந்துதோறும் முழங்குவார். சூப் ஆறிப்போகும்.

இந்த முறை பெர்த் நகரில் அந்தப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் சமநிலையில் நின்றது. கடைசிக் கல் எங்களுடையது; வட்டத்தின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் நிற்கும் கல்லுக்குத்தான் வெற்றி. இதுதான் தன் கடைசி சீசன் என்று ஏற்கெனவே மூன்று முறை அறிவித்தவர் அவர். இப்போது முழங்கால் டாக்டரும் அதையே சொல்லிவிட்டார்.

அவர் கல்லை விட்டார். இருபது கிலோ கிரானைட், போதிய வேகமில்லாமல் வந்தது. அது இன்னும் தூரம் போகட்டும் என்று நானும் அணித்தோழன் ஸ்டூவியும் அதற்கு முன்னால் பிரஷ்ஷால் பனியைத் தேய்த்தபடி ஓடினோம்.

"தேய்ங்கடா! செத்தா போயிட்டீங்க? தேய்!"

வட்டத்துக்குச் சற்று முன் என் பிரஷ்ஷில் ஒரு சின்ன இடறல். கல்லில் பட்டதா? பட்டது. ஸ்டூவி என்னைப் பார்த்தான். உடனே ஸ்கோர்போர்டைப் பார்க்கத் தொடங்கினான். ஓடும் கல்லில் பிரஷ் பட்டால் தவறு; அந்தக் கணமே நான் சொல்லியிருக்க வேண்டும். நான் தொடர்ந்து தேய்த்தேன். கல் நேராக நடுப்புள்ளியில் போய் உட்கார்ந்தது.

மன்ரோ இரு கைகளையும் தூக்கிக்கொண்டு சறுக்கி வந்தார். எதிரணி கேப்டன் டகி பெய்ன் கைகுலுக்குவதற்காகக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். குலுக்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

"மன்ரோ, என் பிரஷ் பட்டுருச்சு."

"எதுல?"

"கல்லுல."

"ஐஸ்ல தட்டியிருக்கும்டா, ஃபின்லே. நல்லா யோசிச்சுப் பாரு."

அவர் என்னை யோசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"யோசிச்சுட்டேன். நீங்கதானே எப்பவும் சொல்வீங்க..."

"நான் ஆயிரம் சொல்வேன்! சூப்பு குடிக்காம அதையெல்லாம் எவன்டா உன்னைக் கேட்கச் சொன்னான்?"

பெய்ன் கையை நீட்டியபடி பக்கத்தில் வந்துவிட்டார். மன்ரோவின் கை பாதிவரை எழுந்தது. முப்பது ஆண்டுகள் அந்தப் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தன.

கை இறங்கியது.

"பிரஷ் பட்ட கல்லு, டகி. வைக்கிறதும் எடுக்கிறதும் உன் இஷ்டம்."

பெய்ன் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் கல்லைக் காலால் மெல்ல ஓரம் தள்ளினார். நடுப்புள்ளிக்கு அருகில் மிஞ்சியது அவர்கள் கல்; பட்டமும் அவர்களுக்கே.

வென்றவர்கள் தோற்றவர்களுக்கு விஸ்கி வாங்கித் தருவது வழக்கம். முதல் கிளாஸை மன்ரோ சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்தார். நான் ஜூஸோடு தள்ளி உட்கார்ந்தேன். எங்கள் ஊர் ஸ்ட்ரான்ரார் வரை மூன்று மணி நேரம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்தான் காரோட்ட வேண்டும். இரண்டாவது கிளாஸில் யாரோ அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். மூன்றாவதில் அந்தப் பழைய குரல் கூடம் முழுக்கக் கேட்டது:

"ஒரு நொடிகூட நான் தயங்கல!"

ஸ்டூவி மறுபடி ஸ்கோர்போர்டைத் தேடினான். நான் நிம்மதியாக மூச்சுவிட்டு, கார் சாவியை எடுத்தேன்.